தாம்பரம் டச்சிங் புராணம்

தென்சென்னைப் புறநகரில் போட்டோ எடிட்டிங், அதாவது டச்சிங், தொழில் எப்போது ஆரம்பித்தது என்று மேற்குத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பியைக் கேட்டால், "அது இருக்கும் சார், ஒரு இருபது இருபத்தஞ்சு வருஷம்" என்பார். கணக்கு சில லட்சம் ஆண்டுகள் உதைக்கிறது.

1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்காரப் புவியியலாளர், பல்லாவரத்துச் சரளைப் பள்ளம் ஒன்றில் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கினார். மே மாசக் கடைசியில், பல்லாவரத்து வெயிலில், கல் பொறுக்குகிற துரையைப் பார்த்து அக்கம்பக்கத்தவர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ஆவணங்களில் இல்லை. அந்தக் கல் ஒரு கைக்கோடரி. இந்த நாட்டில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்று உலகத்துக்குத் தெரியவந்ததே அந்தக் கல்லால்தான். அதெல்லாம் சரித்திர ஆசிரியர்கள் பாடு. நமக்கு வேண்டியது வேறு. இயற்கை கொடுத்த கல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், வேண்டாத பக்கத்தை உடைத்துத் தள்ளி, ஓரத்தைச் சில்லுச் சில்லாகத் தட்டி, விளிம்பைக் கூராக்கியிருக்கிறார் ஒரு பல்லாவரத்துக்காரர். அதாவது கிராப் பண்ணி, ஷார்ப்னெஸ் ஏற்றியிருக்கிறார். "இன்னும் கொஞ்சம்ணே" என்று பக்கத்தில் குந்திக்கொண்டு ஒரு கஸ்டமர் நிச்சயம் உயிரை வாங்கியிருப்பார்.

அதற்குப்பின் பல்லவர், சோழர், நவாப் என்று சில சில்லறைச் சம்பவங்கள் நடந்தன. அவற்றைத் தாண்டி நேராகக் கேமராவுக்கு வந்துவிடுவோம்.

கேமரா வந்த புதிதில் அதற்கு அரிச்சந்திரன் என்ற மரியாதை இருந்தது. ஓவியன் என்றால் கோபுரத்தை ஒரு நிலை உயர்த்திப் போடுவான், ராஜாவின் தொப்பையைக் குறைப்பான். கேமரா உள்ளதை உள்ளபடி காட்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி நம்பியது. நம்பி, கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக வைத்தது. அவரும் 1858இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று ஊர் ஊராகப் போய் எடுத்துத் தள்ளினார்.

அங்கே ஒரு சிக்கல். அந்தக் காலத்து நெகடிவுக்கு நீலம் என்றால் பைத்தியம். வானத்தைக் கண்டதும் நெகடிவ் முழுக்கக் கறுத்துவிடும். அச்சுப் போட்டால் கோபுரத்துக்குமேல் வெறும் வெள்ளைக் காகிதம். மேகம் இருந்த சுவடே இருக்காது. எக்ஸ்போஷர் நேரமும் அதிகம் என்பதால், காற்றில் ஆடிய மரமெல்லாம் தெளிவில்லாத கறையாக விழும். கேப்டன் பார்த்தார். தூரிகையை எடுத்தார். நெகடிவின் மேலேயே மேகம் வரைந்தார், இலையும் வரைந்தார். உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் பேர் வைத்த லின்னேயஸின் பேரைத் தாங்கிக்கொண்டு, மரத்தை மொட்டையாக விட அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. இன்று அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கும் அந்தப் படங்களில், கம்பெனி சம்பளம் கொடுத்து வரவழைத்த உண்மைக்குமேல், கையால் வரைந்த மேகங்கள் மிதக்கின்றன.

அதோடு விட்டாரா? தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று செல்போனைப் பிடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்து மெதுவாகத் திரும்புகிறோமே, அந்தப் பானரமாவை ராஜராஜன் கல்வெட்டில் வைத்துச் செய்துகாட்டிய மனுஷன். 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் கணக்கு நோட்டைப் புரட்டினார். 1857 கலகத்தை அடக்கிய செலவில் கஜானா துடைத்து வைத்த மாதிரி இருந்தது. போட்டோ எல்லாம் நமக்கு எட்டாத ஆடம்பரம் என்று சொல்லிக் கடையைக் கட்டச் சொல்லிவிட்டார். கவனியுங்கள்: மேகம் பொய் என்பதற்காக யாரும் டிரைப்பைக் கண்டிக்கவில்லை, செலவுக்காகத்தான். இந்தத் தொழிலில் அன்றும் இன்றும் டச்சிங்குக்காகச் சண்டை வந்ததில்லை. சண்டை எப்போதும் பில்லுக்குத்தான்.

சீமையிலும் அப்போது இதே கதைதான். 1857இல் ரைலாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைக் கோத்து ஒரே படம் செய்தார். விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினார். மகாராணிக்கே ஆட்சேபனை இல்லாதபோது குரோம்பேட்டைக்காரருக்கு என்ன வந்தது?

நம் பக்கத்துப் பொற்காலம் அதற்குப் பிறகு. 1931இல் பீச்சிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. புறநகரில் தெருவுக்குத் தெரு ஸ்டூடியோ இல்லாத காலம். குடும்பப் படம் என்றால் பட்டுப்புடவை, சரிகை வேட்டி சகிதம் ரயிலேறி, ஜி.கே.வேல் மாதிரியான மவுண்ட் ரோடு ஸ்டூடியோவுக்குப் போய்வர வேண்டும். வீட்டில் பூசிய பவுடர் மீனம்பாக்கத்தில் கரையும், சைதாப்பேட்டையில் திட்டுத் திட்டாகும், எழும்பூரில் இறங்கும்போது முகம் பழைய முகமாகவே ஆகியிருக்கும். ஸ்டூடியோவில் படுதாவில் வரைந்த மாளிகைப் படிக்கட்டு, எந்த எக்ஸ்சேஞ்சோடும் இணைப்பில்லாத டெலிபோன், எல்லா மாப்பிள்ளைக்கும் பொதுவான ஒரு கோட்டு. ஒல்லியானவர் போட்டால் முதுகுப்பக்கம் கிளிப் குத்தி இழுப்பார்கள். குண்டானவருக்கு முதுகுத் தையலைப் பிரித்தே வைத்திருப்பார்கள். அந்தக் கோட்டின் முதுகைப் பார்த்தவர் யாரும் இல்லை. எடிட்டிங் அங்கேயே, ஷட்டர் விழுவதற்கு முன்பே, தொடங்கிவிட்டது.

ஆனால் பெரிய அநியாயத்தைச் செய்தது கேமராவுக்குள் இருந்த பிளேட். அந்தக் கால ஸ்டூடியோ பிளேட்டுகளுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. குங்குமம் வைத்துப் போனால் படத்தில் சாந்துப் பொட்டு. வெற்றிலை போட்டுப் போனால் உதடு முழுக்கக் கறுப்பு. சிவப்பும் பழுப்பும் கலந்த நம் மாநிறத் தோல், நேரில் இருப்பதைவிட நாலு பங்கு கூடுதலாகக் கறுத்து வரும். சீமையில் வெள்ளைத் தோலை மனசில் வைத்துச் செய்த சரக்கு அது. தாம்பரத்துக்காரர் அதன் கணக்கிலேயே இல்லை. இந்த இடத்தில்தான் நம் கதாநாயகன், டச்சிங்காரர், இருட்டறைப் பக்கத்துத் தடுப்புக்குப் பின்னாலிருந்து பென்சிலோடு எழுந்து வருகிறார்.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். சாய்வாக ஒரு மேஜை. நடுவில் பாலாடைக் கண்ணாடி. அடியில் ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி. தலைக்குமேல் கறுப்புத் துணி. நெகடிவை மருந்துப்பக்கம் மேலே வரும்படி வைத்து, பென்சில் பிடிப்பதற்காக 'மீடியம்' என்ற பிசின் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுப் பஞ்சால் தேய்ப்பார். பென்சிலின் மரத்தை ஒரு அங்குலத்துக்குமேல் சீவிவிட்டு, உள்ளேயிருக்கும் குச்சியை உப்புத்தாளில் உருட்டி உருட்டி ஊசியாக்குவார். நெகடிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா, படத்தில் கறுப்பாக விழப்போகும் சுருக்கம் அங்கே வெளிச்சக் கோடாக இருக்கும். அந்தக் கோட்டுக்குள் பென்சில் முனையால் கமா கமாவாக, அழுத்தாமல், அடைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு நெற்றிக்கு ஒரு மணி நேரம். அம்மைத் தழும்பு என்றால் சாப்பாட்டுக்குப் பிறகும் உட்கார வேண்டும். கறுப்பு வேண்டிய இடத்தில் பிளேடால் மருந்தைச் சுரண்டுவார். வழுக்கையில் நாலு முடி முளைப்பது அப்படித்தான். கை கொஞ்சம் தாராளமானால் தீர்ந்தது, நாற்பது வயது ஹெட்கிளார்க் உரித்த முட்டையாக வந்து நிற்பார்.

கேமரா செய்த அநியாயத்தைச் சரிசெய்யக் கிளம்பிய பென்சில், சரிசெய்ததோடு நின்றிருந்தால் அவருக்குச் சிலையே வைக்கலாம். நிற்கவில்லை. பெண் பார்ப்பதற்கு முன்னால் அனுப்பும் படம் என்றால் இன்னும் இரண்டு படி வெளுப்பு ஏறும். அதற்கு டச்சிங்காரரை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "கொஞ்சம் செவப்பா போடுங்க" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனவர் பெண்ணின் தாய்மாமா. படத்தைப் பார்த்துச் சம்மதித்து, நேரில் வந்து திகைத்து, வாய்விட்டுக் கேட்கவும் முடியாமல் பஜ்ஜியோடு விழுங்கிய மாப்பிள்ளை வீட்டார் கதைகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. மாப்பிள்ளை அனுப்பிய படத்திலும் அந்தப் பொதுக் கோட்டு இருந்தது என்பதால் கணக்கு நேராகிவிட்டது.

அறுபது, எழுபதுகளில் பென்சிலுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது: பஞ்சம். வெளிநாட்டு பிலிமுக்கு இறக்குமதிக் கெடுபிடி. ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல்தான் உற்பத்திக்கு வந்து, 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் கொடுத்தது. அந்த நாட்களில் பிலிம் என்பது அரிசியைப்போல் அளந்து செலவழிக்கிற சாமான். எடுக்கும்போது பாப்பா கண்ணை மூடிவிட்டால் இன்னொன்று எடுக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை. கண்ணை வரைந்துகொள்ளலாம்.

கண் வரைவதில் அவர்களுக்கு நல்ல பழக்கமும் இருந்தது. உயிரோடிருந்த வரை ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத பெரியவர் போய்விடுவார். துக்கத்தோடு துக்கமாக ஒருவர் சைக்கிளை மிதித்து ஸ்டூடியோவுக்கு ஓடுவார். ஐயாவை நாற்காலியில் உட்காரவைத்து, துண்டை ஒழுங்காகப் போட்டு, விழாமலிருக்கப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, படம் எடுத்துப் போவார்கள். மிச்சம் டச்சிங்காரர் பொறுப்பு. மூடிய இமைக்குமேல் திறந்த கண் வரைய வேண்டும். அவரோ ஐயாவை உயிரோடு பார்த்ததில்லை. "கண்ணு எப்படி இருக்கும்?" என்று கேட்டால் மூத்தவர் "சிங்கம் மாதிரி" என்பார், இளையவர் "கருணை" என்பார், மருமகள் எதுவும் சொல்லமாட்டார். டச்சிங்காரர் தனக்குத் தெரிந்த ஒரே ஜோடிக் கண்ணை வரைந்து அனுப்புவார். ஒரே டச்சிங்காரர் கைபட்ட தெருவில் முதலியார் வீட்டுத் தாத்தாவும் நாயுடு வீட்டுத் தாத்தாவும் சுவரிலிருந்து ஒரே பார்வை பார்ப்பது இதனால்தான். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடிப் பிரதியெடுத்து வைத்தது. படம் எடுத்த ஸ்டூடியோவின் பேர் அட்டையில் அச்சாகியிருக்கும். கண்ணைத் திறந்தவர் பேர் எங்கே இருக்கும்?

தம்பதி படமே எடுத்துக்கொள்ளாமல் கணவன் முப்பதில் போய், மனைவி எழுபதில் போனால், இருவரையும் வெட்டி ஒட்டி ஒரே சட்டத்துக்குள் உட்காரவைப்பதும் உண்டு. தாயும் பிள்ளையும் என்று விருந்தாளி சொல்லிவிடாமல் இருக்க, வீட்டில் ஒருவர் முந்திக்கொண்டு விளக்கம் சொல்வது வழக்கம்.

துக்கம் மட்டுமே தொழில் என்று நினைத்துவிட வேண்டாம். 1940இல் 'உத்தம புத்திரன்' வந்து பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் தோன்றியதும் ஊருக்கு ஆசை பிடித்தது. லென்ஸில் பாதியை மறைத்து ஒரு முறை, மறு பாதியை மறைத்து இன்னொரு முறை. அதே பிலிமில், அதே ஆள். தனக்குத் தானே காப்பி ஊற்றிக்கொடுப்பார், தன்னோடு தானே சீட்டாடுவார். அதில் தோற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிறகு வந்தது களப்பிரர் காலம். பாடப்புத்தகத்தில் இருண்ட காலம் என்று படித்தோமே, அதற்குச் சற்றும் குறையாத ஒன்று எண்பதுகளில் 35 எம்.எம். கலர் பிலிம் உருவில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. நெகடிவ் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதில் ஒரு முகம் மிளகளவுதான். எந்தப் பென்சிலும் நுழையாது. கலர் லேப்பில் மெஷின் ஒரு பக்கம் பிலிமை விழுங்கி மறுபக்கம் படமாகத் துப்பியது, நடுவில் கைவைக்க ஆளே இல்லை. தமிழன் முதன்முறையாகத் தன் முகத்தை டச்சிங் இல்லாமல் பார்த்தான். அதிர்ச்சி தாங்கவில்லை. பிளாஷ் வெளிச்சத்தில் கண்ணெல்லாம் சிவப்பு, முதல் வரிசைக்காரர் முகம் வெளிறி, பின் வரிசைக்காரர் இருட்டில் பல்லோடு மட்டும். "கேமரா சரியில்லை" என்று ஊரே ஒருமனதாகத் தீர்மானித்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் குடும்ப ஆல்பங்களை யாரும் ஆசையாகப் புரட்டுவதில்லை என்றால் காரணம் பாசக் குறைவு அல்ல.

மீட்பர் அமெரிக்காவிலிருந்து வந்தார். தாமஸ் நோல் என்பவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், 1987இல், படங்களைத் திருத்த ஒரு புரோகிராம் எழுதினார். சினிமாத் தந்திரக் காட்சித் துறையிலிருந்த அவருடைய தம்பி ஜான் நோல் கூடச் சேர்ந்தார். 1990 பிப்ரவரியில் அது போட்டோஷாப் என்று கடைக்கு வந்தது. ரிச்சி தெரு வழியாகப் புறநகருக்கு அது எந்த விலையில் வந்துசேர்ந்தது என்று கேட்பது பண்பாடு அல்ல. வந்ததும் முதல் வேலையாக நம் ஆட்கள் செய்தது, கேப்டன் டிரைப் செய்ததைத்தான்: மேகம் போட்டார்கள்.

அங்கே தொடங்கிய 'மிக்சிங்' எங்கே போய் நின்றது என்பதற்கு இரண்டாயிரங்களின் கரிஷ்மா ஆல்பங்களே சாட்சி. 12க்கு 36 அங்குலத் தடி அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பிரபஞ்சம். குரோம்பேட்டை மண்டபத்தில் வாழைமரத்தடியில் நின்ற ஜோடி, பக்கத்தைத் திருப்பினால் சுவிட்சர்லாந்துப் பனிமலையில் அதே மாலையோடு நிற்கும். ரோஜாப்பூவுக்குள் மணப்பெண். கண்ணாடிக் கோப்பைக்குள் மாப்பிள்ளை. அவர் குடிக்கமாட்டார் என்று சொல்லித்தான் பெண்ணே கொடுத்தார்கள். நிலாவுக்குள் மாமனார். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் தாஜ்மகால், கல்லறை என்று யாரும் சொல்லித் தரவில்லை. இதையெல்லாம் இப்போது பார்த்துச் சிரிப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிகாலை ஐந்து மணிக்குப் புகைக்குண்டு கொளுத்தி, வாடகை கவுனில் பெண்ணை ஓடவிடுகிற இன்றைய ப்ரீ-வெட்டிங் கூட்டம் அந்த நிலா மாமனாரிடம் பிச்சை வாங்க வேண்டும். அவரிடம் பாசாங்கு இல்லை. நான் நிலாவில் இருக்கிறேன் என்று யாரையும் நம்பச் சொல்லவில்லை.

ஆல்பத்தில் கற்ற வித்தை பேனரில் ஏறியது. வட்டச் செயலாளர் தோளில் கைபோட்டு நிற்கும் தலைவர், வட்டச் செயலாளரைப் பிறவியில் பார்த்ததில்லை. காதுகுத்தும் குழந்தைக்கு மேலே ஐம்பது தலைகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பக்கத்திலிருந்து வெயில் அடிக்கும். உயிரோடு இருப்பவர்களின் படத்தை பேனரில் போடக் கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. செத்தவருக்குக் கண் திறந்து பிழைத்த தொழிலுக்கு அது பழைய வழியைத் திருப்பிக் காட்டியது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இந்தக் கை வந்துவிடாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளின் தரைத்தளம் தண்ணீருக்குள் போயிருந்தது. 3ஆம் தேதி பிரதமர் மோடி வெள்ளத்தை வானிலிருந்து பார்வையிட்டார். அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு படம் வெளியிட்டது. வட்ட ஜன்னல் வழியே பிரதமர் பார்க்கிறார். ஜன்னலுக்குள் மொட்டைமாடிகளும் தண்ணீரும் கையெட்டும் தூரத்தில், துலக்கமாக. நாடே சிரித்தது. படத்தை எடுத்துவிட்டு, இரண்டு படங்களை இணைத்துவிட்டோம், வருந்துகிறோம் என்று அறிக்கை விட்டார்கள். இணைத்தது தப்பில்லை ஐயா, இணைத்த லட்சணம்தான் தப்பு. தாம்பரத்தில் எந்தக் கடையில் கொடுத்திருந்தாலும், ஓரத்துக்குக் கொஞ்சம் ஃபெதர் போட்டு, வீடுகளைச் சிறிதாக்கி, நடுவில் லேசாகப் பனிமூட்டம் தூவி, சந்தேகமே வராமல் செய்து, எண்பது ரூபாயோடு விட்டிருப்பார்கள்.

அந்த வெள்ளம் வடிந்த பிறகுதான் புறநகர் டச்சிங்காரர்களுக்கு உண்மையான சோதனை. பழைய போட்டோத்தாளின்மேல் படத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின். மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சுவது. பூண்டுகூடச் சேர்க்காத குடும்பங்களின் மூன்று தலைமுறையும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரில் ஊறினால் அது உப்பிக் குழைந்துவிடும். சட்டத்துக்குள் இருந்த படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும், வெறும் அட்டை கையில் நிற்கும். அப்படிப் பாதி போனதும் முக்கால் போனதுமாகப் படங்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு ஜனங்கள் கடைக்கு வந்தார்கள்.

முடிச்சூர்ப் பக்கம் ஒரு பாட்டி. முகத்தில் ஒரு பாதிதான் தப்பித்தது. நல்ல வேளை, மூக்குத்தி போட்ட பாதி. கடைத் தம்பி கெட்டிக்காரர். இருக்கிற பாதியை ஒரு காப்பி எடுத்து, கண்ணாடி பிம்பமாகத் திருப்பி, இல்லாத பக்கத்தில் பொருத்திவிட்டார். தோலில் கொஞ்சம் வித்தியாசம் காட்டி, ஒரு காதை லேசாக இறக்கி, ஒட்டிய கோடு தெரியாமல் தேய்த்து, புதுச் சட்டம் போட்டுக் கொடுத்தார். திதியன்று மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்த சின்ன மகள் நின்றுவிட்டார்.

"ஏன்க்கா, அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தியா?"

பெரிய மகள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "ஆமாடி. எனக்கு ஞாபகம் இருக்கே. வைரம்ல அது?"

"அப்ப பாகம் பிரிக்கிறப்ப ஒண்ணுதானே காட்டினாங்க?"

கூடம் முழுக்கப் பெரிய மருமகளைத் திரும்பிப் பார்த்தது. மறுநாள் காலை கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே அவர் சட்டத்தோடு வாசலில் நின்றார்.

"தம்பி, முதல்ல அந்த மூக்குத்தியை எடுத்துடு."

"எடுத்துடலாம்க்கா. அதுக்கு டச்சிங் சார்ஜ் தனி."